அறுபத்தெட்டு கிலோ

உன் வீட்டுக்காரரை ஆட்டோவிலிருந்து நாற்காலிக்கு நீயேதானே தூக்கி வைத்தாய்? பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டோக்காரர் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று வந்தார், நீ வேண்டாம் என்று கையை உதறினாய். அதையும் பார்த்தேன். நல்ல கெட்டிக்காரி. உட்கார். என் சக்கர நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்காரலாம், ஒட்டிக்கொள்ளாது. முதல் நாள் என்றால் உள்ளே ஒரு மணி நேரம் ஆகும். குண்டூசியால் குத்தி, பஞ்சால் தடவி, எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று உடம்பை நிலம் அளக்கிற மாதிரி அளப்பார்கள். கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு, "மேல தூக்கியிருக்கேனா, கீழ இறக்கியிருக்கேனா, கண்ணை மூடிட்டுச் சொல்லுங்க" என்பார்கள். நான் எப்போதும் "மேல" என்றே சொல்வேன். பாதித் தடவை சரியாக இருக்கும்.

பேர் என்ன சொன்னாய், சுகந்தியா? சாரத்திலிருந்து விழுந்தாரா? பெயின்ட் அடிக்கும்போதா? சரி. அவராவது பிழைப்புக்காக ஏறினார். நான் மின்விசிறி துடைக்க ஏறினேன்.

வீட்டில் ஆண்பிள்ளை இல்லையா என்று கேட்பாய். இருந்தார். ஆனால் என் வீட்டுக்காரர் துடைத்தால் மூன்று இறக்கையில் இரண்டைத் துடைப்பார், மூன்றாவதை அப்படியே விட்டுவிட்டு இறங்கி, தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அழகு பார்ப்பார். டிராயிங் வாத்தியார். சபாநடேசன் சார் என்றால் உறையூர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் குடமும் வாழைப்பழமும் வரையச் சொல்லிக் கொடுத்தவர். எதையும் தள்ளி நின்று பார்த்தே பழகிவிட்டார். அதனால் நானே ஏறினேன். மூன்று இறக்கையையும் துடைத்தேன். சுத்தமாகத் துடைத்தேன். பிறகுதான் விழுந்தேன்.

முதுகெலும்பில் பன்னிரண்டாவது எலும்பு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். இப்போது இடுப்புக்குக் கீழே ஏதோ அரசாங்க அலுவலகம் மாதிரி இருக்கிறது. கதவெல்லாம் திறந்திருக்கும், மனு உள்ளே போகும், பதில் வராது. ஒரு மாதம் இங்கேயே படுக்க வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் திங்கள், புதன், வெள்ளி இந்த வராந்தாதான். எட்டாவது மாதம் நடக்கிறது. இந்தச் சுவரில் எத்தனை பல்லி என்று கேள், சொல்கிறேன்.

இங்கே நடக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துத்தானே வந்திருக்கிறாய்? நானும் அப்படித்தான் வந்தேன். பிசியோ மேடம் இருக்கிறாளே, பெனடிக்டா, கண்ணாடி போட்டுக்கொண்டு உன் வீட்டுக்காரரை உள்ளே தள்ளிக்கொண்டு போனாளே, அவள் முதல் நாளே என் முன்னால் ஒரு பலகையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒரு கை நீளம், வழவழவென்று, இரண்டு ஓரமும் சீவி மெல்லிசாக. "மங்கையர்க்கரசி அம்மா, உங்க காலு எப்போ வரும், வருமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இந்தப் பலகையில சறுக்கி, யாரும் தொடாம, கட்டில்லேருந்து நாற்காலிக்கு நீங்களே போகலாம். அது ரெண்டு மாசத்துல வந்துடும்" என்றாள்.

பலகையைப் பார்த்தேன். கசாப்புக் கடையில் இருப்பது மாதிரி இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். ஊருக்கே லைன் கொடுத்தவள். அந்தப் பலகையில் ஆட்டுத் தொடை மாதிரி சறுக்கிக்கொண்டு போகவா? "தூக்குறதுக்குத்தான் அவர் இருக்காரே" என்றேன்.

"அவருக்கு முடியாமப் போனா?"

"ஏன் முடியாமப் போகுது? வாழைப்பழம் வரைஞ்ச உடம்பு. தேய்மானமே இல்லை."

அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு நகைச்சுவை கொஞ்சம் மட்டு. சரி, அதுவரைக்கும் எப்படித் தூக்குவது என்று இவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். என் முழங்காலைத் தன் முழங்காலால் முட்டுக் கொடுத்து நிற்க வேண்டும். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் என் முதுகைச் சுற்றிக் கை போட்டு, "ம்" என்று சொல்லித் தூக்கித் திருப்பி உட்கார வைக்க வேண்டும். காலையில் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கழிப்பறை நாற்காலி, மறுபடி இது, மறுபடி அது. எட்டுத் தடவை ஆகும் ஒரு நாளைக்கு. இங்கே எடை பார்க்கும்போது சக்கர நாற்காலியோடு மெஷினில் ஏற்றி, அப்புறம் நாற்காலியைக் கழிப்பார்கள். நாற்காலி போக நான் அறுபத்தெட்டு கிலோ. அவர் ஐம்பத்திரண்டு. அதற்கு நான் என்ன செய்வது? நான் யாருக்கும் பாரமாக இருந்ததே கிடையாது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்?

கேள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தோரு வருடம். இவரோடு வெளியே போனால் எனக்குப் பத்தடி முன்னால் நடப்பார். மலைக்கோட்டைக் கூட்டத்தில் நான் தொலைந்துபோனால் வீட்டுக்கு வந்துதான் கவனிப்பார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார். கையில் ஏதும் கொடுக்கவும் மாட்டார், வெறும் இந்தா. பூனாவில் ஒரு பையன் இருக்கிறான், அதனால் ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள். அப்படிப்பட்ட மனுஷர் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை என்னைக் கட்டிப்பிடிக்கிறார். பவுடர் வாசனை வரும். காதுக்குப் பக்கத்தில் மூச்சு வரும். "ம்" என்பார். அதற்கு நான் முதுகெலும்பை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கொடுத்தாகிவிட்டதே, திருப்பியா தரப்போகிறார்கள்?

அதற்காகத்தான் பலகையைக் கற்றுக்கொள்ளவில்லை என்று நீயாக முடிவு செய்துவிடாதே. எனக்குத் தலை சுற்றும். பலகையில் ஏற்றி வைத்தவுடன் கண்ணை மூடிக்கொள்வேன். "அம்மா, கண்ணைத் திறங்க" என்பாள் பெனடிக்டா. "இருட்டிக்கிட்டு வருது" என்பேன். பிரஷர் பார்ப்பாள். பிரஷர் தங்கமாக இருக்கும். என்ன மெஷினோ.

என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். மணப்பாறையிலிருந்து ஒரு லாரி டிரைவர், ஆறு வாரம். லால்குடியிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண், ஏழு வாரம். வயிற்றையும் வைத்துக்கொண்டு சறுக்கினாள், பார்க்கவே பயமாக இருந்தது. நான் மட்டும் ஏழு மாதமாக அதே வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வெயில் காலம் தொடங்கினதிலிருந்து இவர் நடவடிக்கையில் ஒரு மாற்றம். என்னை இங்கே கொண்டுவந்து விட்டவுடன், "டீ குடிச்சிட்டு வரேன்" என்று போய்விடுவார். முக்கால் மணி நேரம். டீத்தூளை அசாமில் போய்ப் பறித்து வந்தாலும் அவ்வளவு நேரம் ஆகாது. திரும்பி வந்தால் டீ வாசனையும் இருக்காது. எப்போது பார்த்தாலும் வலது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பார். அறுபத்தெட்டு வயதில் ஸ்டைல்! அப்புறம் பேன்ட்டையும் விட்டுவிட்டு வேஷ்டிக்கு மாறினார். வேஷ்டி கட்டினாலும் கை அங்கேயே இருந்தது.

ஒரு நாள் அலமாரியில் துண்டு எடுக்கும்போது, அவர் சட்டைகளுக்கு அடியில் அகலமாக ஒரு எலாஸ்டிக் பெல்ட். வயிற்றை இறுக்கிக் கட்டுகிறது. ஐம்பத்திரண்டு கிலோ மனுஷருக்கு எங்கே இருக்கிறது தொப்பை? யாருக்காக இறுக்குகிறார்? நீ சிரிக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கால் மணி நேரம் டீ, பாக்கெட்டில் கை, சட்டைக்குள் பெல்ட். முப்பத்துநான்கு வருடம் ஊர்க்காரர்கள் பேச்சைக் காதில் வாங்கினவள் நான். எது எதோடு சேரும் என்று எனக்குத் தெரியாதா?

பெனடிக்டா மேலேயே ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். பாவம், அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒவ்வொரு தடவையும் "சார் எப்படி இருக்கார்?" என்று கேட்டாளே, அதனால்தான். "பிரமாதமா இருக்கார். டீயா குடிச்சுத் தள்றார்" என்றேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

என்னைத் தூக்கி இறக்கினபிறகு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். நெற்றியில் வேர்வை. இருமல் வந்தால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு குனிந்து இருமுவார். "என்ன, மலைக்கோட்டையையா தூக்கினீங்க?" என்பேன். "இல்லை" என்பார். அவ்வளவுதான். கிண்டல் செய்தால் திருப்பிக் கிண்டல் செய்யத் தெரிய வேண்டாமா ஒரு மனுஷருக்கு?

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை. டீ குடிக்கப் போகிறேன் என்று கிளம்பினார். கேன்டீன் வலது பக்கம். இவர் இடது பக்கம் திரும்பினார். சரி, இன்றைக்கு ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று சக்கரத்தைத் தள்ளினேன். அதுவரைக்கும் இந்த வராந்தாவைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை நான். தண்ணீர் வேண்டுமென்றால்கூட இவர்தான். அன்றைக்கு எக்ஸ்ரே அறையைத் தாண்டினேன், சரிவில் இறங்கினேன், உள்ளங்கை எரிந்தது, எதிரே ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு வந்தவர் சுவரோடு ஒட்டி நின்றார். கோபம் இருந்தால் எட்டூர் போகலாம் போல. பெனடிக்டா ஏழு மாதம் சொல்லிக் கொடுத்ததை அரை மணியில் கோபம் சொல்லிக் கொடுத்தது.

சர்ஜரி ஓ.பி. ஆறாம் நம்பர் அறை. திரைதான், கதவு இல்லை. உள்ளே டாக்டர் சத்தம்.

"சார், இது மூணாவது தடவை. சித்திரையில தேதி கொடுத்தேன், வரலை. ஆனியில கொடுத்தேன், வரலை. ஹெர்னியா இப்போ எவ்வளவு பெரிசாயிருக்கு பாருங்க. குடல் உள்ள மாட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து. கனமே தூக்கக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"தூக்குறீங்களா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னா? தண்ணிக் குடமா? அரிசி மூட்டையா?"

நான் திரையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

"அறுபத்தெட்டு கிலோ டாக்டர். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பேனாவை மேஜைமேல் வைத்தார். இவர் அவசரமாகச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். எனக்கு மறைக்கிறாராம். அந்தப் பெல்ட் தரையில் கிடந்தது.

"இந்தா, நீ எப்படி இங்கே வந்தே?" என்றார்.

"டீ குடிக்க வந்தேன்" என்றேன்.

அப்போது அழுதேனா என்று கேட்காதே. அழவில்லை. சண்டை போட்டேன். டாக்டர் முன்னாலேயே போட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்றைக்கோ அந்தப் பலகையைக் கற்றுக்கொண்டிருப்பேனே. சொல்லாமல் மறைத்தது யார் தப்பு? நான் என்ன கல்லா? கூடவே இருக்கிறேன், எனக்குத் தெரிந்திருக்காதா, அதாவது, சொல்லியிருந்தால்? நீயே சொல்.

சரி, சொல்ல வேண்டாம்.

"அடுத்த வாரமே பண்ணிடுங்க டாக்டர்" என்றேன். இவர் தலையை ஆட்டினார். "முடியாது. உன்னை யாரு தூக்குறது?"

"தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணிக்கிறேன். நீங்க போய்ப் படுங்க."

"விளையாடாதே. ஆபரேஷன்னா மூணு மாசம் தூக்கக்கூடாதாம்."

"மூணு மாசம் இல்லை சார், இனிமே எப்பவும் இந்த மாதிரி தூக்கக்கூடாது" என்றார் டாக்டர்.

அதைக் கேட்டு இவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஒரு மனுஷரைப் பார்த்து, இனிமேல் நீ மூட்டை சுமக்க வேண்டாம் என்று சொன்னால் அவருக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? தலை குனிந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தவுடன் பெனடிக்டாவிடம், "அந்தக் கசாப்புப் பலகையைக் கொண்டா" என்றேன். "தலை சுத்தாதா அம்மா?" என்றாள். நகைச்சுவை மட்டு என்றேனே, அப்படி ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

பத்து நாள். நாற்காலியைக் கட்டிலுக்குச் சாய்வாக நிறுத்தி பிரேக் போட வேண்டும். பக்கத்துக் கைப்பிடியைக் கழற்ற வேண்டும். தொடைக்கு அடியில் பலகையைச் செருக வேண்டும், தோல் மாட்டிக்கொள்ளாமல். தோல் கிழிந்தாலும் நமக்குத் தெரியாதே. பிறகு கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பி, கொஞ்சம் நகர்ந்து, கொஞ்சம் எழும்பி, கொஞ்சம் நகர்ந்து. தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இடுப்பு போகும். அதுதான் சூட்சுமம். போக வேண்டிய இடத்தைப் பார்க்கவே கூடாது. முதுகைக் காட்டிக்கொண்டே போய்ச் சேர வேண்டும். முதல் நாள் மெத்தையில் மூக்கடிபட விழுந்தேன். மூன்றாம் நாள் பாதி தூரத்தில் நின்றுவிட்டேன், முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பத்து நிமிஷம் அந்தப் பலகை மேல் உட்கார்ந்திருந்தேன். பெனடிக்டா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொடவில்லை. அன்றைக்கு அவளைச் சபித்தேன். உள்ளுக்குள்தான்.

வீட்டில் அந்தப் பத்து நாளும் இவர் தங்கை நாகரத்தினம் வந்து சமைத்துப் போட்டாள். என்னைத் தூக்க ஒரு ஆயாவை வைத்தோம். நல்ல பலசாலி. தூக்கினால் தூக்கினதுதான், ஒரு சத்தமும் வராது அந்த அம்மாவிடமிருந்து. மிளகாய் மூட்டைக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை எனக்கும்.

ஆபரேஷனுக்காக இவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அன்று காலையில், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு இறங்கினேன். மறுபடி நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஏறினேன். மறுபடி இறங்கினேன். யாரும் தொடவில்லை. இவர் வாசல்படியில் பையோடு நின்று பார்த்தார். வழக்கம்போல் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார் என்று நினைத்தேன். இரண்டு கண்ணையும் திறந்துகொண்டுதான் நின்றார். "ஏறவும் வருதே. இறங்கவும் வருதே" என்றார். பரீட்சைப் பேப்பரில் மார்க் போடுகிற குரலில். "ஆமாம், இனிமே நீங்க ரிடையர்டு" என்றேன். சொல்லிவிட்டு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வழக்கமில்லை.

ஆபரேஷன் அன்றைக்கே நல்லபடியாக முடிந்தது. மறுநாள் சாயங்காலம் பார்க்கப் போனேன். ஆண்கள் வார்டு. இருபது கட்டில், இருபது கட்டிலிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர், பக்கத்தில் ஸ்டூலில் ஒருவர். நாலிலிருந்து ஆறு மணி வரைதான் பார்வையாளர் நேரம். இவர் ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இருந்தார். முகம் சின்னதாகிப் போயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் உயரம் தெரியுமே உனக்கு. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் மூக்குத் துவாரம்தான் தெரிகிறது. நாற்பத்தோரு வருடம் முதுகைப் பார்த்தாயிற்று, இப்போது மூக்குத் துவாரம்.

அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, கட்டில் காலடியில் இருக்கிற கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலை இறக்கச் சொன்னேன். என் நாற்காலி உயரத்துக்கு வந்தது. பையிலிருந்து பலகையை எடுத்தேன்.

"இந்தா, என்ன பண்றே?" என்றார்.

"நகருங்க."

"வேண்டாம். விழுந்துடுவே. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். டிக்கெட்டா வாங்கியிருக்காங்க?"

பிரேக் போட்டேன். நாற்காலிக் கைப்பிடியைக் கழற்றினேன். பலகையைச் செருகினேன். கொஞ்சம் எழும்பி, கொஞ்சம் நகர்ந்து. எதிர்க் கட்டில்காரர் டிபன் பாக்ஸ் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பாதி வழியில் பலகை கொஞ்சம் நழுவிற்று. இவர் கை நீட்டினார். நீட்டின வேகத்தில் வலித்து, "ஆ" என்று மடக்கிக்கொண்டார். "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்று அதட்டிவிட்டு நானே போய்ச் சேர்ந்தேன். அவர் இடுப்புக்குப் பக்கத்தில். அவர் ஒரு சாண் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். கூச்சத்தில் விலகினாரா, எனக்கு இடம் விட்டாரா என்று தெரியாது. இடம் விட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். பாதித் தடவை சரியாக இருக்கும்.

இது நானாகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது, புரிகிறதா? அவர் கொண்டுவந்து வைத்ததில்லை.

என்ன பேசுவது? "வலிக்குதா?" என்றேன். "சிரிச்சா வலிக்குது" என்றார். "அப்போ உங்களுக்குக் கவலையே இல்லை" என்றேன்.

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள். நல்ல உயரம், நல்ல குரல். "யாரும்மா அது பெட்ல உட்கார்ந்திருக்கிறது? பேஷண்ட் பெட்ல யாரும் உட்காரக்கூடாதுன்னு தெரியாதா? இறங்குங்க. உடனே இறங்குங்க."

"இறங்குறேன் சிஸ்டர். ஆனா பாருங்க, எனக்கு இன்னும் ஏறத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இறங்கறது அடுத்த வாரம்தான் பாடம்" என்றேன்.

அவள் நம்பவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள். இவர் பொய் சொல்லத் தெரியாத முகம் உள்ளவர், பார்த்தாலே தெரியும். "என்ன சார், நிஜமாவா?"

இவர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் காலையில் வாசல்படியில் பையோடு நின்று, நான் இரண்டு தடவை இறங்கினதை இரண்டு கண்ணாலும் பார்த்த மனுஷர். போர்வையைக் கொஞ்சம் இழுத்து என் மடிமேல் போட்டார்.

"ஆமா சிஸ்டர்," என்றார். "மங்கைக்கு இன்னும் இறங்கத் தெரியாது."